இரண்டாம் அறையின் டப்பா

ஊசி போடுகிறவர்களுக்குக் கை சில்லென்று இருக்கக் கூடாது. காலையில் வேலைக்கு வந்ததும் வெந்நீர்க் குழாயில் கையைக் காட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கோட்டை மாட்டுவேன். உங்கள் விசாரணை அறையில் ஏசியை இவ்வளவு குளிராக வைத்திருக்கிறீர்கள், எனக்கு விரல் நுனியெல்லாம் விறைக்கிறது. பரவாயில்லை, அணைக்க வேண்டாம். ஐயாவுக்கு இதிலேயே வியர்க்கிறது. நான் கையைத் தேய்த்துக்கொண்டே பேசுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நானாகவே வந்து உட்கார்ந்ததற்கு இந்த அம்மா என்னைப் பாராட்டினார். "இந்தக் காலத்துல யாருங்க தானா வந்து சொல்றாங்க" என்றார். நன்றி அம்மா. பாராட்டு வாங்கி ரொம்ப நாளாயிற்று.

என் வேலை குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பது. பெரியவர்கள் கையில் நரம்பு கயிறு மாதிரி தெரியும், யார் வேண்டுமானாலும் குத்தலாம். குழந்தையின் கை அப்படியில்லை. கொழுகொழுவென்று இருக்கும், நரம்பு உள்ளே எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கும். விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் தயங்கக் கூடாது. குழந்தை "என்ன அது" என்று யோசிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்க வேண்டும். இதைப் புத்தகம் பார்த்துப் படிக்க முடியாது. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. எனக்கு வந்தது.

என்னைப் பஞ்சுக்கை என்பார்கள். யார் வைத்த பெயரோ தெரியாது, மருத்துவமனை முழுக்க அதுதான் பெயர். என் சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்தால் எனக்கே யாரோ போல இருக்கும். அம்மாக்கள் வாசலில் வந்து நின்று, "பஞ்சுக்கை அக்கா இருக்காங்களா? அவங்க கைராசி வேணும், நாங்க வெயிட் பண்றோம்" என்பார்கள். பக்கத்து அறையில் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும், என் அறை வாசலில் வரிசை நிற்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நரம்பு கிடைக்காமல் டாக்டர்கள் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஒருவர், "பஞ்சுக்கையக் கூப்பிடுங்கப்பா" என்பார். நான் போவேன், தடவுவேன், எடுப்பேன், வந்துவிடுவேன். இரண்டு வார்த்தை பேச மாட்டேன். பெருமை பேசுவது எனக்குப் பிடிக்காது.

என் வீட்டுக்காரர் தையற்காரர். எங்கள் இருவருக்கும் ஊசிதான் சோறு போடுகிறது. ஆனாலும் என் வேலையை அவர் பெரிதாக நினைத்ததில்லை. "நீ குத்தினா அழுவுது. நான் குத்தினா சட்டையாகுது" என்பார். அவருக்கு எப்போதும் கிண்டல்தான். என்னிடம் அழாது என்று நானும் ஒவ்வொரு முறையும் திருத்துவேன்.

அப்படி இருந்த இடத்தில்தான் அந்தக் களிம்பு வந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போக வைக்கும் களிம்பு. ஊசி குத்தப்போகும் இடத்தில் கொஞ்சம் பூசி, மேலே ஒட்டும் கண்ணாடித்தாளை ஒட்டி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு துடைத்துவிட்டுக் குத்தினால் வலி தெரியாது. மருந்தகத்து மேனேஜர் தேநீர் இடைவேளையில் எங்களைக் கூட்டிவைத்து, மருந்துப் பெட்டிக்குள் இருந்த விவரச் சீட்டை வேகமாக வாசித்தார். எல்லோரும் தலையாட்டினோம். பெட்டியோடு சீட்டும் குப்பைக்குப் போயிற்று. நான் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு எதையும் முழுக்கப் படித்தால்தான் தூக்கம் வரும். பச்சைக்குழந்தைக்கு ஒரே இடத்தில், மிகக் கொஞ்சமாகத்தான் பூச வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. உடம்பெல்லாம் பூசினால் மருந்து ரத்தத்தில் கலந்துவிடும். ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்கும் சக்தியை இழக்கும், குழந்தை சாம்பல் நிறமாகும், ரத்தம் சாக்லேட் நிறத்தில் வரும். மாற்று மருந்து உண்டு, உடனே கொடுக்க வேண்டும். பொடி எழுத்துதான், ஆனால் தெளிவாக இருந்தது.

அன்று பெரிய டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இனிமே யார் குத்தினாலும் வலிக்காது, பார்த்துக்கங்க" என்றார். நல்ல மனிதர். புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. யார் குத்தினாலும். நான் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன், சமைத்தேன், சாப்பிட்டேன். பாத்திரம் தேய்க்கும்போது மறுபடி அது காதில் கேட்டது.

களிம்போடு கூடவே வந்தவள்தான் பூனையக்கா. அது குழந்தைகள் வைத்த பெயர். படிப்பை முடித்துவிட்டு நேராக எங்கள் இரண்டாம் அறைக்கு வந்தாள். களிம்பைப் பூசிக் கண்ணாடித்தாளை ஒட்டியதும், அதன்மேல் பேனாவால் ஒரு பூனை வரைவாள். காது, மீசை, சுருண்ட வால். "இந்தப் பூனை தூங்கி எந்திரிக்கற வரைக்கும் கையை அசைக்கக் கூடாது, சரியா?" என்பாள். குழந்தைகள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நல்ல யோசனைதான். நான் அதை மறுக்கவில்லை.

கை மட்டும் சுமார். முழங்கையைத் தூக்கிக்கொண்டு குத்துவாள், கிரிக்கெட் பந்து போடுகிற மாதிரி. ஆனால் களிம்பு இருக்கும்போது முழங்கையை யார் பார்க்கிறார்கள்? நான் முதலில் களிம்பைத் தொடவில்லை, என் கையே போதும் என்றிருந்தேன். கொஞ்ச நாளில் வரிசை இரண்டாம் அறைக்கு நகர்ந்தது. சுருட்டை முடியோடு ஒரு சிறுமி, மாதம் தவறாமல் வருபவள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் கையில்தான் ரத்தம் கொடுத்தவள். அவள் என் அறை வாசலில் நின்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, நான் பூனையக்காகிட்ட போறேன். நீங்க கொஞ்சம் வலிக்க வைப்பீங்க."

கொஞ்சம் என்றாள். நான் சிரித்து, அவள் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினேன். எனக்கு அழுகை வந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, மருந்து அலமாரியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். ஒரு குழந்தைக்குப் போய் அழுதேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு குழந்தைக்காக அழவில்லை. இத்தனை வருஷமும் நான் பார்த்த வேலையை ஒரு டப்பாக் களிம்பு பார்த்துவிடும் என்றால், நான் யார்?

டப்பா என்று சொன்னேன் அல்லவா, அதை விளக்க வேண்டும். களிம்பு குழாயில்தான் வரும். ஆளாளுக்குப் பிதுக்கினால் மூடி தொலையும், வீணாகும். அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மூத்தவர் குழாயைப் பிதுக்கி, ஒவ்வோர் அறைக்கும் ஒரு மூடிபோட்ட சின்ன டப்பாவில் நிரப்பி வைத்துவிட வேண்டும். மூத்தவர் நான்தான்.

கை கழுவும் இடத்தில் இன்னொரு களிம்பும் இருக்கும். அடிக்கடி மருந்துத் தண்ணீரில் கழுவிக் கை வெடிக்கிறது என்று நிர்வாகம் வாங்கிப் போட்டது. வெள்ளையாக, வாசனை இல்லாமல் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. நான் முதல் அறையின் டப்பாவில் அசல் களிம்பையும், இரண்டாம் அறையின் டப்பாவில் கைக்களிம்பையும் நிரப்ப ஆரம்பித்தேன்.

எழுதிக்கொண்டீர்களா? கைக்களிம்பு யாருக்கும் தீங்கு செய்யாது. வேண்டுமானால் இப்போதே ஒரு டப்பா வாங்கிப் பூசிப் பாருங்கள், கை மிருதுவாகும். நான் எந்தக் குழந்தைக்கும் வலி கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் காலங்காலமாகக் குழந்தைகள் எப்படி ஊசி குத்திக்கொண்டார்களோ, அந்த நிலைக்குத்தான் இரண்டாம் அறையைத் திருப்பிக் கொண்டுபோனேன். வசதியை எடுத்துவிட்டுப் பார்த்தால் கை தெரியும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அப்படியானால் என் அறையில் ஏன் அசல் களிம்பு என்று கேட்பீர்கள். என்னை நம்பி வரும் குழந்தைகளைச் சோதிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இரண்டு அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். மறுநாளே அழுகை கேட்டது. குழந்தைகள் அழுதால் எனக்குத் தாங்காது, எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் நான் கதவைச் சாத்தவில்லை. அறைக்குள் காற்றோட்டம் வேண்டும். சுருட்டை முடிக்காரி அடுத்த மாதம் வந்தாள். பூனையெல்லாம் வரைந்துகொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் அலறியதில் காத்திருந்த குழந்தைகள் எல்லாம் அம்மாக்களின் முந்தானைக்குள் போய்விட்டன. அதற்கடுத்த மாதம் அவள் என் அறைக்கு வந்தாள். "சாரி ஆன்ட்டி" என்றாள். நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பூனையக்கா டிபன் டப்பாவைத் திறக்காமலே என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"உங்க ரூம்ல வேலை செய்யுது, என் ரூம்ல மட்டும் ஏன் செய்ய மாட்டேங்குது? ஒரே குழாய்தானே?"

"கை பழகணும். எனக்கெல்லாம் ஒரே நாள்லயா வந்துச்சு?"

"கை சரி அக்கா. களிம்பு பூசியும் இப்படித் துடிக்குதுங்களே. ஒருவேளை நான் கம்மியா பூசறேனோ?"

நான் வாயில் சோறு வைத்திருந்தேன். மென்று விழுங்கிவிட்டு, "இருக்கலாம்" என்றேன். இல்லை என்று நிச்சயமாக எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து அதிகம் பூசினாள். முதலில் தடிமனாக, அப்புறம் இரண்டு இடத்தில், அப்புறம் முன்னங்கை முழுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. ஒன்றும் ஆகவில்லை. கைக்களிம்பு என்ன செய்யும்? எவ்வளவு பூசினாலும் இந்தக் களிம்பால் கெடுதல் இல்லை என்று அவள் கண்ணாலேயே பார்த்துப் பழகிவிட்டாள். அவளுக்கு யாரும் சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லை என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியே சொல்லிவிட முடியாது.

மிச்சமான அசல் களிம்பை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. வீட்டுக்காரர் கட்டைவிரலில் ஊசிக்காயம் என்றார், பூசிவிட்டேன். மறுநாள் கடையிலிருந்து வந்து ஒரு வெள்ளைச் சட்டையை என் முன்னால் விரித்தார். காலரில் வரிசையாக ரத்தப்புள்ளி. "வலிக்காததால எங்க குத்துதுன்னே தெரியல. சட்டையோட சேத்து விரலையும் தைச்சிருக்கேன். இந்தக் கருமத்த இனிமே என் பக்கம் கொண்டாராத" என்றார். நான் சட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கறையை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாம் அறையைப் பற்றிப் புகார்கள் சேர்ந்தன. ஓர் அப்பா வராந்தாவில் நின்று, பெரிய டாக்டரின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். மரத்துப்போகும் என்று சொல்லி ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பிள்ளையைத் துடிக்க வைத்தார்களாம். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பெரிய டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல ரெண்டு டப்பாவையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் என் கையிலயே பூசிப் பார்த்துடறேன். களிம்புல கோளாறுன்னா கம்பெனிக்காரன கேக்கலாம்" என்றார்.

மறுநாள் சீக்கிரம் வந்தேன். இரண்டாம் அறையின் டப்பாவை வெந்நீரில் கழுவித் துடைத்து, அசல் களிம்பை நிரப்பினேன். பெரிய டாக்டரின் இடது கையில் முதல் டப்பா, வலது கையில் இரண்டாம் டப்பா. ஒரு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? இரண்டு கையிலும் குத்தினேன். அவர் செய்தித்தாளில் பக்கம் திருப்பிக்கொண்டு, "எங்க, குத்தலையா இன்னும்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் பூனையக்காவைப் பார்த்தார். "களிம்பு ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்மா. அப்படின்னா..." என்று நிறுத்திக்கொண்டார். நாகரிகமானவர். பரிசோதனைக்கூடத்துக்காரர் பின்னால் நின்றுகொண்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. அவள் யாரையும் பார்க்கவில்லை. கழிவறைக்குப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள். இன்னும் ஒரு புகார் வந்தால் குழந்தைகள் பிரிவிலிருந்து மாற்றிவிடுவதாக அன்று மாலை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்றுதான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாளாம். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலையிலிருந்து இரண்டாம் அறையின் டப்பாவில் நான் கைவைக்கவில்லை. அன்றும் மறுநாளும் அசல் களிம்புதான். எனக்கு வேண்டியது நடந்துவிட்டது, களிம்பு வேறு, கை வேறு என்று நாலு பேர் முன்னால் நிரூபணமாகிவிட்டது. அதற்கு மேல் செய்தால் அது வஞ்சம். ஆகவே அன்றைக்கு அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்டால், இருக்க வேண்டியதுதான் இருந்தது.

அடுத்த நாளே அந்தப் பச்சைக்குழந்தை வந்தது. பிறந்து இரண்டு மாதம். குடலிறக்கத்துக்குச் சின்ன அறுவை சிகிச்சை, அதற்கு முன்னால் ரத்தச் சோதனை. அம்மாவும் அத்தையும் கொண்டுவந்தார்கள். என் அறை நிறைந்திருந்ததால் இரண்டாம் அறைக்குப் போனார்கள். அந்த அம்மா அழாத குறையாக, "சிஸ்டர், நல்லா பூசிடுங்க. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்தவன்" என்றது தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

பஞ்சு எடுக்க இரண்டாம் அறைக்குப் போனேன். அப்போது பார்த்தேன். நரம்பு எங்கே கிடைக்கும் என்று தெரியாததால் அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. இரண்டு முன்னங்கையிலும், இரண்டு காலிலும், முழங்கால் வரை வெள்ளையாக அப்பியிருந்தாள். மேலே கண்ணாடித்தாள். நாலு கைகாலுக்கும் நாலு பூனை. டப்பா பாதிக்கு மேல் காலி. குழந்தை அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பல் இல்லாத வாய் ஏதோ சொல்லப் போகிற மாதிரி திறந்திருந்தது.

நான் சீட்டைப் படித்தவள். டப்பாவை நிரப்பியவள். அந்த அறையில் நின்ற யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இவ்வளவு பூசலாமா?" என்று கேட்டார்.

கேட்டது உண்மை. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், முந்தின நாள்தான் அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றிருக்கிறாள். நோயாளியின் எதிரில் மறுபடியும் அவளைத் திருத்தினால் அவளுக்கு எப்படி இருக்கும்? "அவங்களுக்குத் தெரியும்மா" என்றேன். பூனையக்கா என்னை நன்றியோடு பார்த்தாள். "பூனை நல்லா இருக்கு" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று கூட்டம் அதிகம். ஒரு மணி நேரத்தில் துடைக்க வேண்டியதைத் துடைக்க முடியவில்லை. அவளும் அதிகம் ஊறினால் நல்லது என்று நினைத்திருக்கிறாள். அத்தைதான் முதலில் கவனித்தார். குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் முகமெல்லாம் சாம்பல் பூசிய நிறமாகி, கழுத்து தொங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு அவசர அறைக்கு ஓடினார்கள். பூனையக்கா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். யாரோ அவசரத்தில் அந்தத் தாள்களைப் பிய்த்துக் களிம்பையும் துடைத்துப் போட்டார்கள், அதனால் பணி மருத்துவர் களிம்பைப் பார்க்கவே இல்லை. மூக்கில் காற்றுக்குழாய் வைத்தும் நிறம் மாறவில்லை. இதயத்தில் பிறவிக் கோளாறாக இருக்கும் என்று அவர் அந்த வழியில் யோசித்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுக்க இரண்டு பேர் முயன்றார்கள். கையில் கிடைக்கவில்லை, காலில் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. வராந்தா முழுக்கக் கேட்கும்படி. "பஞ்சுக்கையக் கூப்பிடுங்க, சீக்கிரம்."

களிம்பு வந்த நாளிலிருந்து ஒருவரும் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை.

நான் கையை வெந்நீரில் காட்டிவிட்டுப் போனேன். அதில் கொஞ்ச நேரம் போயிற்று என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் குளிர்ந்த கையோடு பச்சைக்குழந்தையைத் தொட எனக்கு மனம் வராது. எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். பணி மருத்துவர், இரண்டு நர்ஸ், வாசலில் அந்த அம்மா, சுவரோரம் பூனையக்கா. குழந்தையின் காதுக்கு மேலே நெற்றியோரத்தில் தடவினேன். தலைமுடியை விட மெல்லிய ஒரு நரம்பு. அங்கே இருப்பது என் விரலுக்கு மட்டும்தான் தெரியும். குத்தினேன். வந்தது.

சாக்லேட் நிறத்தில் வந்தது.

சீட்டில் எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே இருந்தது. பணி மருத்துவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரத்தத்தைக் குப்பியில் நிரப்பி, மூடி, குழந்தையின் எண்ணை ஒட்டி, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தட்டில் வைத்தேன். மாற்று மருந்து அதே அறையின் அலமாரியில், மேல்தட்டில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். களிம்பு என்பேன். எவ்வளவு பூசினாள் என்பார்கள். ஏன் அவ்வளவு பூசினாள் என்பார்கள். அப்புறம் பேச்சு டப்பாவுக்குத்தான் வரும். மேலும், நிறத்தைப் பார்த்து நோய் சொல்வது டாக்டரின் வேலை. என் வேலை எடுத்துக் கொடுப்பது. எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு நர்ஸ் என் காதருகில், "எப்படிக்கா, ரெண்டு பேர் குத்தியும் வரலையே" என்றாள். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் பொய் சொல்ல வரவில்லை. ரொம்ப நாள் கழித்து உண்மையான சந்தோஷம்.

பரிசோதனைக்கூடத்துக்காரர் போனில் அலறிய பிறகுதான் மாற்று மருந்து ஏறியது. தாமதமாகிவிட்டது. மறுநாள் காலையில் குழந்தை போய்விட்டது. அந்த அம்மா தாளின் ஓரம் தாண்டிக் குழந்தையின் காலில் பட்டு அழியாமல் இருந்த பேனா மையைத் தன் புடவை நுனியை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் மனசு கனத்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

பூனையக்கா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். "நான்தான் அதிகமாப் பூசினேன். நான்தான் கொன்னுட்டேன்." அவ்வளவு ஏன் பூசினாய் என்று நீங்கள் கேட்டதற்கு, "எப்பவும் அவ்வளவுதான் பூசுவேன், ஒண்ணும் ஆனதில்ல" என்றாளாம். அது நடக்கக்கூடியதே இல்லை, தப்பிக்கப் பொய் சொல்கிறாள் என்று எழுதிவிட்டீர்கள். வழக்கு என்கிறார்கள், இனி எங்கேயும் வேலை செய்ய முடியாது என்கிறார்கள். அவள் அப்பா விடுதிக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவள் யாரோடும் பேசுவதில்லையாம். அவள் சொன்னது பொய் இல்லை என்று நீங்கள் வேண்டுமானால் திருத்திக்கொள்ளலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள்.

மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று இந்த அம்மா நினைக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் ஏமாற்ற மனம் வரவில்லை. நான் வந்த காரணம் வேறு.

போன வாரம் கூடத்தில் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து அறிக்கையை வாசித்தீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று ஐயா இடையில் சொன்னார், நானும் தலையாட்டினேன். பிறகு ஒரு வரி வந்தது. "நிலைமை மோசமாக இருந்தும், பணி மருத்துவர் திறமையாக ஒரே முயற்சியில் ரத்த மாதிரியை எடுத்தார்." எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனிதர்கள் எப்படித்தான் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களோ.

எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. அலுவலகத்துக்குப் போய் அந்த வரியைத் திருத்தச் சொன்னேன். அங்கிருந்தவர், "நீங்கதான் எடுத்தீங்கன்னா ரத்தத்தோட கலரைப் பார்த்திருப்பீங்களே, அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் டப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவும் சொன்னேன்.

களிம்பை மாற்றியது நான். திரும்ப வைத்தது நான். பார்த்தும் தெரிந்தும் பேசாமல் இருந்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அந்த வரியில் என் பெயரை எழுதுங்கள். பஞ்சுக்கை என்று எழுதினாலும் போதும், எல்லோருக்கும் புரியும். இரண்டு பேர் குத்தி வராத இடத்தில் நான் ஒரே குத்தில் எடுத்தேன். அந்தப் பிள்ளை சிணுங்கக்கூட இல்லை.